இருபத்தேழுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில்

இது நான் பார்த்ததல்ல. மோகனப்பிரியா சொல்லிக் கேட்டது. ஈரோட்டில் பெருந்துறை சாலையை ஒட்டி இருக்கும் ஒரு பயாப்சி லேபில் பெரிய பெட்டி, சின்னப் பெட்டி என்று இரண்டு யூனிக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவள் விட்டுப் போனபோது, அந்த நாற்காலிக்கு நான் வந்தேன். பொறுப்பை ஒப்படைக்க அவளுக்குப் பத்து நாள் கொடுத்திருந்தார்கள். ஏழாம் நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே இதைச் சொன்னாள். சொன்னதில் கொஞ்சம்தான் வெளியே நடந்தது. மிச்சமெல்லாம் அவள் மண்டைக்குள் ஓடியது. ஓடியது எல்லாவற்றையும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லாமல் விட்ட இடங்களை, அதே நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு வந்த பயங்களை வைத்து நிரப்பியிருக்கிறேன். இரண்டு பேர் வீட்டிலும் நாங்கள்தான் முதல் பட்டதாரி, அதனால் பயம் பெரிதாக வேறுபடாது என்று ஒரு நம்பிக்கை. எது அவளுடையது, எது என்னுடையது என்று இப்போது எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

ஆயுத பூஜை அன்று மதியம் ஒன்று பத்துக்கு மோகனா தன் நோட்டில் இருபத்தேழாம் வரிக்கு எதிரே டிக் போட்டாள். மொத்தம் நாற்பத்தோரு வரிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஸ்கேல் வைத்துப் போட்ட சின்னச் சதுரம். இருபத்தேழு, பெரிய பெட்டியை ரீஸ்டார்ட் செய், நான்கு நிமிடம். இருபத்தெட்டு, உள்ளே போய் ரிப்போர்ட் எல்லாம் இருக்கிறதா என்று பார். அவ்வளவுதான். இருபத்தேழு முடிந்தால் இருபத்தெட்டு, படிக்கட்டு மாதிரி, ஒரு காலை எடுத்து அடுத்ததில் வைக்க வேண்டியதுதான். போன வாரம் சின்னப் பெட்டியை இதே மாதிரிதான் மென்பொருளின் புதுப் பதிப்புக்கு மாற்றினாள், நான்கே நிமிடத்தில் அது எழுந்து உட்கார்ந்தது, அன்றைக்கு இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டாள். இப்போது மடிக்கணினியின் கறுப்புத் திரையில் ஒரு கட்டளை ஓடிக்கொண்டிருந்தது. நொடிக்கு ஒரு தடவை பெரிய பெட்டியைக் கூப்பிட்டு இருக்கிறாயா என்று கேட்கும், குரல் வந்தால் வந்தது என்று எழுதும், வராவிட்டால் பதில் இல்லை என்று எழுதி வரிசை எண் போடும். இருநூற்று முப்பத்தெட்டு, பதில் இல்லை. இருநூற்று முப்பத்தொன்பது, பதில் இல்லை. இருநூற்று நாற்பதில் நான்கு நிமிடம் முடிந்தது. இருநூற்று நாற்பத்தொன்று, பதில் இல்லை. சரி, பெரிய பெட்டி, பெரியதுக்குக் கொஞ்சம் கூட ஆகும், ஐந்து நிமிடம் என்று எழுதியிருக்கலாம், ஐந்து என்று எழுதியிருந்தால் இன்னும் ஒரு நிமிடம் கையில் இருந்திருக்கும், என்று நினைத்துக்கொண்டு, நான்கைத் திருத்தி ஐந்தாக்கலாமா என்று பேனாவைக்கூட எடுத்தாள். பிறகு அது கள்ளத்தனம் என்று தோன்றி மூடி வைத்தாள்.

சர்வர் இருக்கும் அறை ஒரு காலத்தில் படிக்கட்டுக்கு அடியில் விளக்குமாறும் பினாயிலும் வைத்திருந்த இடம். ஏசி போட்டுக் கண்ணாடிக் கதவு வைத்ததும் அதற்கு மரியாதை வந்துவிட்டது, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். எவ்வளவு கழுவினாலும் மேல் மாடியிலிருந்து ஃபார்மலின் வாசம் இறங்கிக்கொண்டே இருக்கும், இன்றைக்கு அதோடு கற்பூரமும் சாம்பிராணியும் சேர்ந்து மூக்கை அரித்தது. காலையில் பூஜை முடிந்து எல்லோரும் பொரிப் பொட்டலத்தோடு கிளம்பிவிட்டார்கள். வாசலில் உடைத்த பூசணிக்காய் வெயிலில் கிடந்தது. ரிசப்ஷன் ராஜாமணி அக்கா மட்டும் பவானிக்குக் கூட்டிப்போக மகன் மூன்று மணிக்கு வருவான் என்று முன் ஹாலில் உட்கார்ந்திருந்தார். மைக்ரோஸ்கோப்புகள், மெழுகு உருக்கும் அடுப்பு, திசுவைச் சீவும் இயந்திரம், எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துத் துணி போர்த்தி, நாளைக் காலைவரை யாரும் தொடக் கூடாது என்று வைத்திருந்தார்கள். வேலை செய்யும் கருவிக்கெல்லாம் வருஷத்தில் ஒரு நாள் ஓய்வு. அந்த ஒரு நாள்தான் இந்தப் பெட்டியில் கை வைக்க மோகனாவுக்குக் கிடைத்த நாள். கையைக் கட்டி வைக்க வேண்டிய நாளில் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருக்கிறேன், கீபோர்டிலும் பொட்டு, என்டர் பொத்தானில் குங்குமம், ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் விரலில் சிவப்பு ஒட்டியது, அம்மா பார்த்தால் என்ன சொல்லுவாள். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள். மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுப் போய்விடுவாள். முன்னூற்றுத் தொண்ணூறு, பதில் இல்லை.

வேண்டாம் என்றுதான் ஜெகநாதன் சார் சொன்னார். அவர்தான் மேனேஜர். பழைய பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது என்று மோகனா நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தபோது, கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியைக் கூப்பிட்டுக்கொள்ளலாமே, நீ எதற்குச் சிரமப்படுகிறாய், என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த நல்ல மனசுதான் அவளுக்குக் குத்தியது. நானே பண்றேனுங் சார், என்றாள். அந்த வாக்கியம் வாயை விட்டுப் போன வேகம் இப்போதும் காதில் இருந்தது. கல்லூரியில் மற்ற பிள்ளைகள் இங்கிலீஷில் சடசடவென்று கேள்வி கேட்கும்போது இவள் ஒரு பக்கத்தை மூன்று தடவை படிப்பாள். மூன்றாவது தடவை புரிந்துவிடும். மூன்று தடவை படிக்க நேரம் கிடைத்தால் எனக்கு எதுவும் புரியும் என்பதுதான் அவள் வைத்திருந்த ஒரே தைரியம். ஆனால் இப்போது படிக்க ஒன்றும் இல்லை. அதுதான் பிரச்சினை. பெட்டிக்குத் திரை கிடையாது. திரை இருந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று வரி வரியாக எழுதிக் காட்டும், பிழை என்றால் பிழை, பொறு என்றால் பொறு. அந்தப் பெட்டியின் பழைய வகைச் சொருகிக்குப் பொருந்தும் ஒரே திரை போகிக்கு முந்தின வாரம் பழைய சாமான்காரரோடு போனது, தூக்கிக் கொடுத்ததில் ஒரு பக்கம் பிடித்தவள் இவள்தான். லேபில் இருக்கும் புதுத் திரைகளுக்கெல்லாம் வேறு வாய். நாற்பத்தோரு வரி எழுதினாயே, திரை ஒன்று ஏற்பாடு செய் என்று ஒரு வரி எழுதினாயா? எழுதவில்லை. நான்கு நிமிடத்துக்கு எதற்குத் திரை என்று நினைத்தாய். அறுநூற்றுப் பன்னிரண்டு. பத்து நிமிடம் தாண்டிவிட்டது. பெட்டியின் முன்பக்கத்தில் பவர் பொத்தானைச் சுற்றி ஒரு பச்சை வளையம் எரிந்தது. கரண்ட் இருக்கிறது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது.

அப்போதுதான் சென்னிமலைக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். வந்தார் என்ன, அந்தப் பத்து நிமிடமும் மனசின் கதவுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தார், இப்போது உள்ளே வந்துவிட்டார். இரண்டு நாளைக்கு முன் கவுண்டரில் ராஜாமணி அக்கா டீ குடிக்கப் போன நேரம், மோகனா உட்கார்ந்திருந்தாள். சட்டையை மேல் பட்டன்வரை போட்டிருந்த ஒரு மனுஷர், அவருக்குப் பின்னால் முந்தானையை இழுத்துப் போர்த்திய மனைவி. ஆறு வருஷத்துக்கு முன் அந்த அம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி எடுத்து இங்கேதான் பரிசோதித்தார்கள். இப்போது அதே பக்கம் இன்னொன்று. புதிய கட்டியின் சீவல் மேல் மாடியில் கண்ணாடித் தகட்டில் தயாராக இருக்கிறது, டாக்டர் வத்சலா நாளைக்குப் பத்து மணிக்கு உட்கார்ந்து பழையதையும் புதியதையும் வைத்துப் பார்த்து, அதே நோய்தான் திரும்பியதா, வேறா என்று சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் ஆஸ்பத்திரியில் என்ன செய்வது என்று முடிவெடுப்பார்கள். அவர்களிடம் இருந்த பழைய காகிதம் வீடு ஒழுகினதில் போய்விட்டது. பழசு உங்ககிட்ட இருக்குமல்லங்க, என்று அந்த மனுஷர் கேட்டார். இருக்குதுங்க, என்றாள் மோகனா. பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. இருக்கும் என்றுகூடச் சொல்லவில்லை. இருக்குதுங்க. அந்த அம்மா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். பதினான்கு வருஷத்து ரிப்போர்ட்டும் இந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. காலையில் அந்த ஒன்றை மட்டுமாவது அச்செடுத்து வைத்திருக்கலாம், ஒரு நிமிட வேலை. இப்போது இதைவிடத் தெளிவான விஷயம் உலகத்தில் வேறொன்று இல்லை என்று தோன்றியது. தோன்ற வேண்டிய நேரத்தில் ஏன் தோன்றவில்லை?

நகல் இருக்கிறது. நகல் இல்லாமல் யாராவது இதில் இறங்குவார்களா, பதினொன்றாம் வரி, வெளி வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்கில், முழு நகல் எடு, டிக். பன்னிரண்டாம் வரி, நகலில் பத்து ரிப்போர்ட்டைத் திறந்து பார், டிக். பத்தும் திறந்தன. ஆனால் நகல் எடுத்து முடித்ததும் கடைசியில் ஒரு வரி வந்ததே, மூன்று கோப்புகளைப் படிக்க முடியவில்லை என்று. இரண்டு லட்சத்துச் சொச்சத்தில் மூன்று. எந்த மூன்று என்று மேலே போய்ப் பார்க்கக் கையை வைத்தாள், சரியாக அந்த நேரத்தில்தான் அம்முணி, கற்பூரம் காட்டப் போறாங்க, மேல வா என்று ராஜாமணி அக்கா கூப்பிட்டார். போனாள். சுண்டல் வாங்கினாள். திரும்பி வந்தபோது மடிக்கணினி தூங்கி, அந்த ஜன்னல் போயிருந்தது. வேலைக்கு உதவாத தற்காலிகக் கோப்புகளாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பதின்மூன்றாம் வரிக்குப் போனாள். இருக்கும். இருக்குதுங்க இல்லை, இருக்கும். இரண்டு லட்சத்தில் மூன்று அந்த அம்மாவுடையதாக இருக்க எவ்வளவு வாய்ப்பு, ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லை என்பது வேறு, இல்லவே இல்லை என்பது வேறு. மனசு அங்கேயே போய்ப் போய் முட்டியது, கண்ணாடியில் ஈ முட்டுவது மாதிரி, மூன்று, எந்த மூன்று, சுண்டல், மூன்று. ஆயிரத்து எண்பது, பதில் இல்லை. பதினெட்டு நிமிடம்.

பொத்தானை அமுக்கினால் என்ன. ஐந்து நொடி அமுக்கிப் பிடித்தால் அணையும், விட்டு அமுக்கினால் எழும். வீட்டில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் செய்வது அதுதானே. மாமா வீட்டு டிவி, சித்தியின் செல்போன், கம்ப்யூட்டர் படித்த பிள்ளை வந்திருக்கிறாள் என்று எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் முதலில் அணைத்துப் போடுவாள், பாதி சரியாகிவிடும், பார்த்தியா படிப்புன்னா படிப்புதான் என்பார்கள். கை தானாக மேசை விளிம்புவரை போனது. இடது கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தாள். உள்ளே வட்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும்போது அணைத்தால், எழுதினது பாதி, எழுதாதது பாதி, அப்புறம் எது எங்கே என்று பெட்டிக்கே தெரியாது. ஹேங் ஆகித் தொங்கிப்போயிருந்தால் அமுக்கலாம். வேலை நடந்துகொண்டிருந்தால் அமுக்கக் கூடாது. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். காதை வைத்துப் பார்த்தாள். ஏசி இரைச்சலும் காற்றாடியும் கலந்து ஒரே ஹோ. தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். நடுங்கியது. காற்றாடிக்கும் நடுங்கும், வட்டுக்கும் நடுங்கும்.

அப்பாவின் கை நினைவுக்கு வந்தது. திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போடும் ரிக் வண்டிகளோடு வடக்கே போகிறவர்களில் அப்பாவும் ஒருவர். இவள் எட்டாவது படிக்கும்போது சத்தீஸ்கரில் ஏதோ ஒரு ஊரில் ஐந்நூற்று நாற்பது அடியில் பாறை உடைக்கும் ஹேமர் சிக்கிக்கொண்டது. முதலாளி போனில் இழு, இழு, அடுத்த பாயிண்ட்டுக்குப் போகணும், இழு என்று கத்தினார். அப்பா இழுத்தார். துளையில் இறக்கியிருந்த கம்பி அறுந்து ஹேமரும் பதினோரு கம்பியும் மண்ணுக்குள்ளேயே போய்விட்டன. சீசன் பாதியில் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், அதற்கப்புறம் யாரும் அவரை டிரில்லர் என்று கூப்பிடவில்லை, மறுபடி கூலியாளாகக் கம்பி தூக்கப் போனார். இவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு நாள் சமையல்கட்டில் அம்மாவிடம், ஒரு பீடி குடிக்கிற நேரம் நின்னிருந்தா மண்ணு தானா விட்டிருக்கும், எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் இழுத்தேன், என்று அவர் சொன்னது இந்தப் பக்கம் இவளுக்குக் கேட்டது. தெரிந்தே இழுத்தேன். அந்த ரத்தம்தானே எனக்கும். யாராவது கத்தினால் என் கையும் இழுக்கும். நல்லவேளை யாரும் கத்தவில்லை, என்று அவள் நினைத்த நேரம் போன் அடித்தது.

"என்னம்மா, முடிஞ்சுதா?" ஜெகநாதன் சார். கோபியில் மாமனார் வீட்டில் இருந்தார், பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"இன்னும் எந்திரிக்கலீங் சார்."

"எத்தன நேரமாச்சு?"

"இருபத்து மூணு நிமிசமுங்."

"சின்னது நாலு நிமிசத்துல வந்துருச்சுன்னு நீதான சொன்ன?"

"ஆமாங் சார்."

"அப்ப தொங்கிருச்சு. அமுக்கிப் புடிச்சு ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. இதுக்கு எதுக்கும்மா இத்தன யோசன? எங்க ஊட்டு செட்டாப் பாக்ஸுக்கு எம் பொண்ணே அதத்தான் பண்றா, யூகேஜி."

மோகனா வாயைத் திறந்தாள். சரீங் சார் என்பதுதான் நாக்கில் தயாராக இருந்தது, இருபத்து மூன்று வருஷமாகத் தயாராக இருக்கும் வார்த்தை. "இல்லீங் சார்," என்றாள். "பண்ண மாட்டனுங்."

"என்னது?"

"உள்ள வேலை நடக்குதா, தொங்கிருச்சான்னு எனக்குத் தெரியலீங் சார். தெரியாம அமுக்க மாட்டேன். பாத்துட்டுக் கூப்புடறனுங்."

"நாளைக்குப் பத்து மணிக்கு மேடம் வந்து உக்காருவாங்க. அப்ப எம் மூஞ்சிய எங்க கொண்டு போயி வெக்கறது? இன்னொரு அரை மணி நேரம். அப்புறம் நான் கோயம்புத்தூர்க்காரங்களக் கூப்புடுவேன், அவங்க சொல்றபடி நீ செய்யோணும்." வைத்துவிட்டார்.

வைத்த பிறகுதான் சொன்னது உறைத்தது. என்ன பேசினேன், மாட்டேன் என்றா சொன்னேன், வேலை போய்விட்டால் அப்பாவிடம் என்ன சொல்லுவேன். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் ஏதோ ஒன்று கெட்டியாக இருந்தது, காலை ஊன்றினால் நிற்கும் போல. சரி, படி. திரை இல்லை, புத்தகம் இல்லை, ஏற்கெனவே படித்ததையே மூன்றாம் தடவை படி. சின்னப் பெட்டி நான்கு நிமிடத்தில் வந்தது. பெரியது ஏன் வரவில்லை. சின்னதுக்கும் பெரியதுக்கும் என்ன வித்தியாசம். சின்னதை மாதம் ஒரு தடவை நிறுத்தி எடுப்போம். பெரியதை? இவளுக்கு முன் இங்கே இருந்தவர் முகைதீன் அண்ணன், துபாய்க்குப் போனவர். போகிறபோது பெட்டியைத் தட்டிக்கொடுத்து, மூணு வருஷம்மா, ஒரு தடவைகூட நிறுத்தினதில்ல, கரண்ட் போனாலும் பேட்டரியில ஓடிருக்கு என்றார், பிள்ளை முதல் மார்க் எடுத்த மாதிரி. மூன்று வருஷம். எங்கோ படித்தேனே. ரொம்ப நாள் சரிபார்க்காத வட்டு இருந்தால், அடுத்த தடவை எழும்போது யாரையும் உள்ளே விடாமல், முதலில் தன்னைத்தானே மூலை முடுக்கெல்லாம் எண்ணிப் பார்த்துக்கொள்ளும், அதுவரை யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாது. படித்தேனா, இல்லை, இப்போது அப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று நானே கட்டுகிறேனா? பக்கம் கண்ணில் தெரிகிறது, இடது பக்கம், கீழே. இடது பக்கம் என்று தெரிவதால் அது உண்மையாகிவிடுமா. மேலே எல்லாக் கருவியும் துணி போர்த்தி ஓய்வெடுக்கிறது, வருஷா வருஷம் எடுக்கிறது. இது ஒன்றுக்கு மட்டும் பொட்டு வைத்தார்களே தவிர ஓய்வு கொடுக்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது. இன்றைக்குத்தான் முதல் தடவையாக யாரோ நில் என்று சொல்லியிருக்கிறார்கள். நின்றதும் அது உடம்பைப் பார்த்துக்கொள்கிறது. பார்க்கட்டுமே. ஆனால் நிச்சயம் வேண்டும். வட்டு வேலை செய்கிறது என்று சொல்ல ஒரு விளக்கு இருக்குமே, எல்லாப் பெட்டியிலும் இருக்கும், வேலை நடந்தால் சிமிட்டும். எங்கே அது?

பொட்டுக்கு அடியில். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பெட்டியின் முகப்பில் மேலே ஒரு சின்னக் கறுப்புப் பட்டை, அதில்தான் அரிசி அரிசியாக விளக்குகள். முழுப் பெட்டியிலும் நெற்றி மாதிரி இருந்தது அந்த இடம்தான். ராஜாமணி அக்கா வருஷா வருஷம் அங்கேதான் சந்தனம் அப்பி நடுவில் குங்குமம் வைப்பார். முகைதீன் அண்ணன் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாராம், துடைக்க மனசு வராமல் அப்படியே விட்டிருக்கிறார். மூன்று வருஷத்துச் சந்தனம் காய்ந்து ஓடாகி, அதன் மேல் இன்று காலை வைத்தது இன்னும் ஈரமாக, அரை விரல் கனத்துக்குத் தடித்து இருந்தது. விரலைக் கொண்டுபோனாள். பூஜை போட்ட அன்றைக்கே பொட்டை அழிப்பதா. அழிக்கிற விரல் அந்தச் சென்னிமலை அம்மாவின் நெற்றிப் பக்கமாகப் போகிற மாதிரி ஒரு எண்ணம் வந்து முள்ளாகக் குத்தியது, ச்சீ என்று உதறினாள், உதற உதற ஒட்டியது. படித்தவள்தானே நீ. படித்தவளுக்குப் பயம் போய்விடும் என்று யார் சொன்னது, பயப்படுவதற்கு இன்னும் நான்கு விஷயம் தெரியவருகிறது, அவ்வளவுதான். ஆயிரத்து அறுநூற்று எண்பது, பதில் இல்லை.

கண்ணாடிக் கதவு திறந்தது. "ஏன் அம்முணி, இன்னுமா அது எந்திரிக்கல? பொரி திங்கறயா?" ராஜாமணி அக்கா, கையில் கிண்ணத்தோடு. "பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்கற. ஒருக்கா ஆப் பண்ணிப் போடேன்."

"நீங்களுமாக்கா? மாட்டேன்னு இப்பத்தான் சாரையே எதுத்துப் பேசியிருக்கேன்."

"அட! நீயா? அப்ப மழை வரும்." கிண்ணத்தை வைத்தார். "எதுக்கு அந்தப் பொட்டையே மொறச்சுப் பாத்துட்டிருக்கற? கோணலா வெச்சுப்போட்டனா?"

மோகனா சொன்னாள். அதற்கு அடியில் ஒரு விளக்கு இருக்கிறது, அது சிமிட்டினால் பெட்டி உயிரோடு வேலை செய்கிறது, சிமிட்டாவிட்டால் தொங்கிவிட்டது, பார்த்தால்தான் அமுக்குவதா, பொறுப்பதா என்று தெரியும், ஆனால் அதற்குச் சுரண்ட வேண்டும். சொல்லிவிட்டு அக்காவின் முகத்தைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்தாள்.

"அய்யோ சாமி. இன்னைக்கேவா?" ராஜாமணி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு பெட்டியைக் காட்டினார். "சென்னிமலைக்காரிது இதுக்குள்ளதான இருக்குது?"

"ஆமாங்க்கா."

அக்கா தாலிக்கொடியில் கோர்த்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றினார். "நகுரு. நீ தொடாத. வெச்சவ நானு, நானே எடுத்தா ஒண்ணுமில்ல. அது என்ன, எங்கிட்டக் கோவிச்சுக்குமா? நாலு வருசமா அதுக்குப் பொட்டு வெக்கறவளே நாந்தான்." குனிந்து, ஊக்கின் முனையால் ஓரத்திலிருந்து நெம்பினார், குழந்தை காதில் அழுக்கெடுப்பது மாதிரி. ஈரம் முதலில் வழிந்தது. பிறகு காய்ந்த ஓடு ஒரு சில்லாகப் பெயர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. அடியில் அரிசி அளவு கண்ணாடி. அதில் பச்சை. அணைந்தது. எரிந்தது. இரண்டு தடவை வேகமாக, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று.

"அம்முணி, கண்ணச் சிமிட்டுதே!"

மோகனா குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நடக்கிறது. உள்ளே எண்ணிக்கொண்டிருக்கிறது. பதினான்கு வருஷத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வைக்கிறது, அந்த அம்மாவுடையதையும் ஒரு நேரம் எடுக்கும், வைக்கும். இனி யார் கத்தினாலும் சரி. கோயம்புத்தூரிலிருந்து சொன்னாலும் சரி, பத்து மணியானாலும் சரி. பேனாவை எடுத்தாள். இருபத்தேழுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில் இடமே இல்லை, சின்ன எழுத்தில் நெருக்கி எழுதினாள், 27அ, காத்திரு, பொத்தானைத் தொடாதே. எதிரே ஸ்கேல் இல்லாமலேயே ஒரு சதுரம் போட்டாள், கோணலாக. பிறகு தொடைக்கு அடியிலிருந்த கையை எடுத்துப் பொரியை அள்ளினாள். கை மரத்திருந்தது. இரண்டாயிரத்து நூறு, பதில் இல்லை. அந்த வார்த்தை இப்போது வேறு மாதிரிக் கேட்டது. வேலையாக இருக்கிறேன் என்பது மாதிரி. அக்கா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, சந்தனச் சில்லைத் தாளில் மடித்துக்கொண்டே மருமகளைப் பற்றி ஏதோ சொன்னார், மோகனா ம் கொட்டினாள், கண் பச்சையை விட்டு நகரவில்லை. இடையில் இரண்டு தடவை பயம் திரும்பி வந்தது, மூன்று, எந்த மூன்று என்று. வந்தால் விளக்கைப் பார்த்தாள். போன் அடித்தது. எடுத்து, "வேலை நடக்குதுங் சார், கண்ணால பாத்துட்டேன், பொறுங்க," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். சாருக்கு முன்னால் தான் போனை வைத்தது வைத்த பிறகுதான் தெரிந்தது.

இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறில் பதில் வந்தது.

முதல் வேலையாகச் சென்னிமலை என்று தேடினாள். இருந்தது. இரண்டு பக்கம், டாக்டர் வத்சலாவின் கையெழுத்தோடு. அச்செடுத்து உறையில் போட்டு ராஜாமணி அக்காவின் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினாள். அதற்குப் பிறகுதான் இருபத்தெட்டுக்கு டிக் போட்டாள். அக்கா மகனோடு கிளம்பும் முன், மிச்சமிருந்த சந்தனத்தைக் குழைத்துவந்து, விளக்கை விட்டு ஒரு விரல் தள்ளி, வெறும் தகட்டில் புதிதாகப் பொட்டு வைத்தார்.

அது எழுந்து வர இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும், என்றாள் மோகனா என்னிடம், டப்பாவை உதறிக்கொண்டே. நான் சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. எனக்கும் ஒரு நாள் இது தேவைப்படும் என்றுதான் அந்த நாளின் பதிவைத் தேடினேன். ஆயிரத்து நானூற்று முப்பத்தொரு நாளாக வட்டு சரிபார்க்கப்படவில்லை, ஆகவே கட்டாயச் சரிபார்ப்பு என்று ஒரு வரி இருந்தது. அது எடுத்துக்கொண்ட நேரம் நாற்பத்து மூன்று நிமிடம். படிக்க முடியாத மூன்றும் மென்பொருள் தற்காலிகமாகத் தானே வைக்கும் வெறும் பூட்டுக் கோப்புகள்தான், ரிப்போர்ட் எதுவும் இல்லை. போன மாதம் இன்னொன்றையும் பார்த்தேன். இயந்திரத்தோடு வந்த கையேட்டில் முகப்பின் படம் இருக்கிறது. ராஜாமணி அக்கா சுரண்டிய இடத்தில் இருப்பது இடமிருந்து மூன்றாவது விளக்கு. வட்டின் விளக்கு நான்காவது. அது இன்றைக்கும் பழைய சந்தனத்துக்கு அடியில்தான் இருக்கிறது. மூன்றாவது நெட்வொர்க் வயருடையது. நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பழைய திரை ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து மாட்டி, பெட்டி எழும் முன் வரும் தொடக்க மெனுவிலேயே அதை நிறுத்தி வைத்தேன். அந்த நிலையில் வட்டுக்கு எந்த வேலையும் கிடையாது. விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது, இரண்டு தடவை வேகமாக, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று. பின்பக்கம் போய் வயரைப் பிடுங்கினேன். அணைந்தது. செருகினேன். சிமிட்டியது.